அப்பத்தா அன்றிரவு தனுஷ்கோடியில் இருந்தாரா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று அதைச் சுருக்கி இங்கே வைத்துவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஜூலியன் பார்ன்ஸ் எழுதிய ‘தி சென்ஸ் ஆஃப் அன் எண்டிங்’ நாவலைப் போன வாரம் முடித்திருக்கிறீர்கள். கதை சொல்லும் டோனி வெப்ஸ்டர் மேல் உங்களுக்குக் கோபம். இத்தனை பக்கமும் நம்மை ஏமாற்றிவிட்டார் என்கிறீர்கள். அந்தக் கோபம் ஆறுவதற்குள் ஊருக்குப் போயிருக்கிறீர்கள். பாம்பனில் இருக்கும் உங்கள் அப்பத்தா, 84 வயது, வழக்கம்போல, தனுஷ்கோடியை அழித்த 1964ஆம் வருடத்துப் புயல் கதையை எடுத்திருக்கிறார். தாமும் அன்று தனுஷ்கோடியில் இருந்ததாகவும், அமாவாசை இருட்டில் தம்பியின் கை தம் கையை விட்டு நழுவிப் போனதாகவும் சொல்லியிருக்கிறார். 63 வயதான உங்கள் பெரிய அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “அம்மா அன்னிக்குப் பாம்பனை விட்டு நகரவே இல்ல. மாமா மட்டுந்தான் கிறிஸ்துமஸ் பலகாரம் குடுக்க ரயிலேறிப் போனாரு” என்றிருக்கிறார். அப்பத்தா அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. இப்போது உங்களுக்கு மூன்று சந்தேகம். அப்பத்தா பொய் சொல்கிறாரா? உங்களையே சில நேரம் அந்தத் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாரே, இது நோயா? அவரை ஒருமுறை தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனைக்குக் கூட்டிப் போகலாமா?

நானும் பாம்பனில் பிறந்தவன்தான். முப்பது வருடம் கல்லூரியில் உளவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மருத்துவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கேள்விக்கு அது முக்கியம்.

முதலில் டோனிக்காகக் கொஞ்சம் பேச வேண்டும். 2011இல் புக்கர் பரிசு வாங்கிய அந்தச் சின்னப் புத்தகத்தின் முதல் பக்கத்தை மறுபடி புரட்டிப் பாருங்கள். மனத்தில் நிற்கும் சில காட்சிகளை அவர் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். கடைசியாக வருவது பூட்டிய கதவுக்குப் பின்னால் ஆறிக் கிடக்கும் குளியல் தொட்டித் தண்ணீர். அதைச் சொன்ன கையோடு, இதை நான் நேரில் பார்த்ததில்லை என்றும் சொல்லிவிடுகிறார். கடைசியில் நமக்கு நினைவில் தங்குவதும் நாம் கண்ணால் கண்டதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்கிறார். ஏமாற்ற வந்தவர் வாசலிலேயே கையை விரித்துக் காட்டுவாரா? காண்பதற்கும் நினைப்பதற்கும் நடுவில் இருக்கும் அந்தப் பள்ளம் அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அதில் விழுகிறார். புத்தகத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அவர் விழும் இடம் ஒரு கடிதம். இளம் வயதில் தன்னோடு பழகிய வெரோனிகா, பிறகு தன் நண்பன் ஏட்ரியனோடு சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்ததும், டோனி அவனுக்கு ஒரு தபால் அட்டையும் பிறகு ஒரு கடிதமும் எழுதுகிறார். கொஞ்சம் கறாராக, ஆனால் கௌரவமாக எழுதினோம் என்றுதான் நாற்பது வருடம் நினைத்துக்கொண்டிருக்கிறார். வெரோனிகாவின் தாய் சாகும்போது ஐந்நூறு பவுண்டும் ஏட்ரியனின் நாட்குறிப்பும் அவருக்கு எழுதி வைக்க, பழைய கதை மறுபடி கிளறப்படுகிறது. அப்போது அந்தக் கடிதத்தின் நகல் அவர் கைக்குத் திரும்பி வருகிறது. படித்தால் அத்தனையும் விஷம், சாபம். எழுத்து அவருடையதுதான். கடைசி முடிச்சை நான் இங்கே அவிழ்க்கவில்லை, இன்னும் படிக்காதவர்கள் இருப்பார்கள். ஆனால் கவனியுங்கள், டோனி நமக்குச் சொன்ன பொய்யைத் தானும் நம்பியிருந்தார். பொய் என்றால் உண்மை தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரியாது. நினைவு அதை மெல்ல மெல்லத் தேய்த்து, அவர் தூங்கக்கூடிய அளவுக்கு மழுமழுப்பாக்கி வைத்திருந்தது.

உங்கள் அப்பத்தாவை அவரோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள். டோனி தன் குற்றத்தை மறந்தவர். உங்கள் அப்பத்தா, அத்தை சொல்வது சரியென்றே வைத்துக்கொண்டாலும், செய்யாத குற்றத்தை நினைவில் சுமப்பவர். நினைவு பிசகுவது எப்போதும் நமக்குச் சாதகமாகத்தான் என்று பலரும் எழுதுகிறார்கள். இந்தக் கரையில் வளர்ந்த எனக்கு அது முழுசாகப் படவில்லை. கடலில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளில் பிசகு பெரும்பாலும் மறுபக்கம் சாய்கிறது. “நான் போகாதன்னு சொல்லியிருந்தா”, “நான் அன்னிக்கு வலையைத் தைக்கக் குடுத்திருந்தா” என்று தொடங்கும் பேச்சு, பத்து வருடத்தில் “நான்தான் போகச் சொன்னேன்” என்று ஆகிவிடும். இதை என் சொந்தத் தெருவிலேயே கேட்டிருக்கிறேன்.

இது எப்படி நடக்கிறது? 1932இல் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்து, சில நாள் கழித்தும் சில மாதம் கழித்தும் திரும்பச் சொல்லச் சொன்னார். கதையில் வந்த மரத்தோணி அவர்கள் வாயில் சாதாரணப் படகு ஆயிற்று. கடல்நாய் வேட்டைக்குப் போனவர்கள் மீன்பிடிக்கப் போனவர்கள் ஆனார்கள். யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. தமக்குப் பழகிய உலகத்துக்கு ஏற்றபடி கதை தானாகவே வளைந்துகொண்டது. பெட்டியில் வைத்த பொருளை எடுப்பதுபோல நாம் நினைவை எடுப்பதில்லை, ஒவ்வொரு தடவையும் கையிலிருக்கும் சாமானை வைத்துப் புதிதாகக் கட்டுகிறோம் என்று அவர் சொன்னது இன்றுவரை நிற்கிறது. கரைவலையை, மீன் சேரும் மடியிலிருந்து இழுக்கும் கயிறு வரை, ஒவ்வொரு பருவமும் பொத்தல் பார்த்துக் கட்டுவார்களே, பத்து வருடம் கழித்து அதில் பழைய நூல் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? ஆனாலும் அது அதே வலைதான்.

வயதானவர்கள் விஷயத்தில் இன்னொன்று சேர்கிறது. சேதி தங்கும், சேதி எங்கிருந்து வந்தது என்பது கழன்றுபோகும். கண்ணால் பார்த்ததா, ஒருவர் சொல்லிக் கேட்டதா, கனவில் வந்ததா என்று பிரித்து வைக்கும் திறன் வயதில் தளர்வதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் அப்பத்தா அறுபது வருடமாக அந்தப் புயலைக் கேட்டிருக்கிறார். தப்பி வந்தவர்கள் சொன்னது, துக்க வீட்டில் பேசியது, பூசையில் வேண்டியது, ஒவ்வொரு டிசம்பரிலும் பத்திரிகையில் வந்த படம். இதெல்லாம் போக, அவர் தூங்காமல் கிடந்த இரவுகளில் தாமே பார்த்தது. ஆயிரம் தடவை மனத்தில் பார்த்த காட்சிக்கும் ஒருதடவை கண்ணில் பார்த்த காட்சிக்கும் அறுபது வருடத்துக்குப் பிறகு என்ன அடையாளம் இருக்கும்?

படித்தவர்களுக்கு இப்படி நேராது என்று நினைத்துவிடாதீர்கள். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம், சேதியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை வருடம் கழித்து அதே கேள்வியை 44 பேரிடம் மறுபடி கேட்டார். நாலில் ஒருவர் எழுதியது முதலில் எழுதியதோடு ஓரிடத்திலும் ஒட்டவில்லை. அவர்களும் அடித்துச் சொன்னார்கள். தம் கையெழுத்தையே காட்டியபோதும் சிலர் புது நினைவைத்தான் நம்பினார்கள். இருபது வயதுப் பிள்ளைகள், இரண்டரை வருடம்! உங்கள் அப்பத்தாவிடம் நாம் அறுபது வருடத்துக்குக் கணக்குக் கேட்கிறோம்.

இனி உங்கள் பெரிய அத்தை. நீங்கள் அவர் சொன்னதை உண்மை என்றும் அப்பத்தா சொன்னதைப் பிசகு என்றும் எடுத்துக்கொண்டுதான் கேள்வியையே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு 63 வயது என்றும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் புயலன்று அவருக்கு இரண்டு வயது. மூன்று வயதுக்கு முந்தைய நாட்கள் அநேகமாக யாருக்குமே நினைவில் நிற்பதில்லை. உங்கள் அத்தை பார்த்ததைச் சொல்லவில்லை, கேட்டதைச் சொல்கிறார். யாரிடம் கேட்டார்? உங்கள் ஐயாவிடமா, பக்கத்து வீட்டிலா? தாயைக் குற்ற உணர்விலிருந்து காப்பாற்ற யாராவது அப்படிச் சொல்லி வைத்தார்களா? டோனிக்கு ஒரு கடிதம் திரும்பி வந்தது. அப்பத்தாவுக்குத் திரும்பி வந்தது இன்னொருவரின் நினைவு மட்டும்தான். தனுஷ்கோடியில் தபால் நிலையமும் போயிற்று, ரயில் நிலையமும் போயிற்று, தேவாலயமும் போயிற்று. காகிதம் என்று எதுவும் மிஞ்சாத இடத்தில் ஒரு குரலை வைத்து இன்னொரு குரலுக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

ஆனாலும் சரிபார்க்கக் கூடியது ஒன்று அவர் பேச்சில் இருக்கிறது: அமாவாசை. புயல் 1964 டிசம்பர் 22 இரவு, விடிந்தால் 23. அந்த மாதப் பௌர்ணமி டிசம்பர் 19. மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி உத்தரகோசமங்கையில் ஆருத்ரா தரிசனம் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் பாயைச் சுருட்டிக்கூட வைத்திருக்க மாட்டார்கள். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும், இஸ்லாமிய மாதத்தின் நடுவில் பௌர்ணமியை ஒட்டி வரும் பராஅத் இரவு முடிந்து இரண்டு மூன்று நாள்தான். உங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் பாக்கி. மூன்று கணக்கும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. அன்று தேய்பிறையின் நான்காம் நாளை ஒட்டிய இரவு. ஒன்பது பத்து மணிக்கெல்லாம் முக்கால் வட்டத்துக்கும் பெரிய நிலா எழும்பியிருக்க வேண்டும். ஆகவே பஞ்சாங்கத்தின்படி அப்பத்தா சொல்வது தப்பு.

ஆனால் அன்று வானத்தில் நிலா யாருக்குத் தெரிந்தது? இலங்கையை வவுனியாப் பக்கம் கடந்து வந்த புயல். ஆள் உயரத்தைப் போல நான்கு மடங்கு எழும்பிய அலை. வானம் முழுக்க மேகம், காற்றில் மணலும் உப்புத் தண்ணீரும். எதிரில் நிற்பவர் தெரியாத இருட்டுக்கு நம் பக்கத்தில் வேறு என்ன பெயர் இருக்கிறது? அமாவாசை என்றால் அவருக்கு அது திதி இல்லை, இருட்டின் அளவு. கண் கண்டதை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குப் பொருத்தமான சொல்லை நினைவு எடுத்து ஒட்டியிருக்கிறது. இப்படிப்பட்ட பிசகைக் கண்டால் நான் அதைத் திருத்தமாட்டேன், குறித்து வைத்துக்கொள்வேன்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் அப்பா பாம்பன் பாலத்தில் கூலி வேலை பார்த்தவர். 1914இல் திறந்த அந்தப் பாலத்தின் பெரும்பகுதி கிர்டர்களைப் புயல் கடலில் தள்ளிவிட்டது. அவற்றை மீட்டு, மாட்டி, மறுபடி ரயில் ஓடவிட்ட வேலையில் அவரும் ஒருவர். “மூணு மாசம் ராப்பகலா பாலத்துலயே கிடந்தோம்” என்று சொல்வார். சொல்லும்போது உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். நான் கல்லூரியில் சேர்ந்த புதிதில், தங்கைக்கு நிச்சயம் பேச வந்தவர்கள் முன்னால் அவர் அந்தக் கதையை எடுத்தார். நான் குறுக்கே புகுந்து, “மூணு மாசம் இல்லப்பா. 46 நாள்ல முடிச்சிட்டாங்க. ஸ்ரீதரன்னு ஒரு இன்ஜினீயர். ஆறு மாசம் குடுத்த வேலையை 46 நாள்ல முடிச்சாருன்னு எழுதியிருக்கு” என்றேன். நான் சொன்னது சரி. 46 நாள்தான். அப்பா என்னை ஒருதடவை பார்த்துவிட்டு, “அப்படியா, சரிப்பா” என்றார். அதற்குப் பிறகு என் முன்னால் அவர் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் இறந்து வெகுநாள் கழித்து அம்மா போகிற போக்கில் சொன்னார். “பாலம் முடிஞ்சும் அவரு வீட்டுக்கு வரலை. தண்டவாள வேலைன்னு அங்கேயே தங்கிட்டாரு. பொங்கலுக்கும் இல்ல. மாசிக் களரிக்குத்தான் வந்தாரு.” மார்கழி, தை, மாசி. மூன்று மாதம். அப்பா பாலத்தின் கணக்கைச் சொல்லவில்லை, தாம் வீட்டை விட்டிருந்த கணக்கைச் சொல்லியிருக்கிறார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: “எப்பப்பா வீட்டுக்கு வந்தீங்க?” கேட்கவில்லை. கடைசி வருடம் படுக்கையில் கிடந்தபோது எங்களை யாரென்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் இரண்டு விரலும் கட்டை விரலும் போர்வை ஓரத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருக்கும், போல்ட் முறுக்குவதுபோல. கை பழகிய வேலையின் நினைவு மூளையில் வேறு தடத்தில் போகிறது, பெயரும் முகமும் போன பிறகும் வெகுநாள் நிற்கும் என்று வகுப்பில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். அந்த விரல்களைப் பார்த்தபோது அது எதுவும் எனக்கு உதவவில்லை.

ஆகவே, கை நழுவியது என்று அப்பத்தா சொல்வதை நான் அப்படியே ஓரமாக வைத்து யோசித்தேன். ஒரு ஊகம் தோன்றுகிறது. ஊகம் மட்டும்தான். அந்தக் காலத்தில் பாம்பன் ஒரு ஜங்ஷன். ஒரு தடம் ராமேஸ்வரத்துக்கு, ஒரு தடம் தனுஷ்கோடிக்கு. தம்பி பாம்பனில் ரயிலேறினார் என்று உங்கள் அத்தையே சொல்கிறார். எந்த நாள், எந்த வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை என்றும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது 22ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சராக இருக்கலாம். தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை அந்த வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் என்பார்கள். சரியான எண்ணிக்கை ஆளுக்கு ஆள், புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. தம்பி அதற்கு முந்தைய வண்டியிலும் போயிருக்கலாம். எதுவானாலும், 22 வயது அக்கா, பலகாரத் தூக்கை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்திருப்பார் இல்லையா? வண்டி நகர்ந்தால் கை நழுவத்தானே செய்யும்? அந்தக் கை நழுவியது உண்மையாக இருந்து, இடம் மட்டும் பாம்பன் நடைமேடையிலிருந்து தனுஷ்கோடிக் கரைக்கு நகர்ந்திருக்கலாம். இதை நீங்கள் அப்பத்தாவிடம் சொல்லக் கூடாது. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வி, நோயா என்பது. புயல் கதை பிசகுவதை வைத்து நோய் என்று சொல்ல முடியாது. பேரனைத் தம்பி பெயரால் கூப்பிடுவதை மட்டும் வைத்தும் சொல்ல முடியாது; நாக்கு தடுமாறி அடுத்த நொடி திருத்திக்கொண்டால் அது எல்லா வீட்டிலும் நடப்பது. உங்களைத் தம்பி என்றே நினைத்து, “அக்கா உனக்கு எவ்வளவு நேரமா காத்திருக்கேன்” என்று பேசினால் அது வேறு. அல்சைமர் நோயில் முதலில் அடிபடுவது மூளையில் புது நினைவைப் பதிய வைக்கும் பகுதி. அதனால்தான் அறுபது வருடத்துக் கதை கணீரென்று வரும், காலையில் சாப்பிட்டது வராது. நீங்கள் பார்க்க வேண்டியது பழைய கதையை விட்டுவிட்டு இன்றைய நாளை. அடுப்பில் வைத்ததை மறக்கிறாரா, அதே கேள்வியைப் பத்து நிமிடத்தில் நாலு தடவை கேட்கிறாரா, பழகிய தெருவில் வழி தடுமாறுகிறாரா, காசு எண்ணுவதில் குழம்புகிறாரா, ஆறு மாதத்தில் இது கூடியிருக்கிறதா? இரண்டு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் அது மறதி நோயாக இருக்காது. சிறுநீரில் கிருமி, உடம்பில் நீர் வற்றியது, புது மாத்திரை என்று ஏதாவது இருக்கும். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, காது மந்தம், மனச்சோர்வு ஆகியவையும் மறதிபோலவே தெரியும், சரிசெய்யவும் முடியும்.

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேல், கிட்டத்தட்ட 88 லட்சம் பேர், மறதி நோயோடு இருப்பதாக 2023இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. எண்பதைத் தாண்டினால் விகிதம் இன்னும் கூடும். அப்பத்தாவுக்கு 84 என்பதால் ஒருதடவை பார்த்துவிடுவதே நல்லது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அன்றாடம் பக்கத்தில் இருப்பவர் உங்கள் அத்தை. அவரும் கூட வரட்டும்.

நம் பக்கத்தில் புத்தி தடுமாறினால் ஏர்வாடி தர்கா என்று ஒரு பேச்சு உண்டு. போய் வேண்டிக்கொண்டு வருவதில் யாருக்கும் குறை இல்லை. எங்கள் வீட்டிலும் போயிருக்கிறார்கள். ஆனால் ஆளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது என்பது வேறு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் வருட மனநலச் சட்டம் சங்கிலியில் கட்டுவதை அடியோடு தடை செய்திருக்கிறது. உறவில் யாராவது அந்த யோசனையைச் சொன்னால் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும்.

இனி, ஊகத்தை அவரிடம் சொல்லக் கூடாது என்றேனே, அதற்கு வருகிறேன். 1974இல் எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் கார் விபத்துப் படத்தைச் சிலருக்குக் காட்டி, கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்று சிலரிடமும், ‘நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று சிலரிடமும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று எல்லோரிடமும் கேட்டார். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஆனால் நொறுங்கிய என்ற சொல்லைக் கேட்டவர்களில் பார்த்தோம் என்றவர்கள் இரண்டு மடங்குக்கும் அதிகம். ஒரு வினைச்சொல் செய்த வேலை அது. நீங்கள் “ஸ்டேஷன்லதான கை நழுவுச்சு அப்பத்தா?” என்று கேட்டால், அடுத்த மாதம் அவர் ஸ்டேஷனில் நழுவியதாகவே சொல்வார். நீங்களும் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்வீர்கள். அது அவருடைய நினைவாக இருக்காது, நீங்கள் கொடுத்தது.

கேட்பதானால் திறந்து கேளுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து தொடங்கியது, பிறகு எந்தப் பக்கம் திரும்பியது? வடக்கிலிருந்து வரும் வாடையா, கிழக்கிலிருந்து வரும் கொண்டலா, தென்மேற்கிலிருந்து வரும் கச்சானா? என்ன சத்தம்? அன்று அடுப்பில் என்ன இருந்தது? தம்பி என்ன சட்டை போட்டிருந்தார்? புயலின் நடுப்பகுதி கடக்கும்போது காற்று திசை மாறும். அதை அனுபவித்தவர் உடம்பு மறக்காது. அவர் பாம்பனில் இருந்தாரா, தனுஷ்கோடியில் இருந்தாரா என்பதை இந்தக் கேள்விகள் தீர்த்து வைக்கும் என்று நான் சொல்லவில்லை. காற்று இரண்டு இடத்திலும்தான் அடித்தது. ஆனால் ‘நீ அங்கே இருந்தாயா’ என்ற விசாரணையிலிருந்து அவரை வெளியே கொண்டுவரும். போன வாரம் மூடிய வாயை அவர் திறப்பார். அவர் குரலைச் செல்போனில் பதிவு செய்யுங்கள், தேதியையும் நீங்கள் கேட்ட கேள்வியையும் சேர்த்து. ஒவ்வொரு தடவை சொல்வதும் தனித்தனியாக இருக்கட்டும். வெட்டி ஒட்டி ஒரே கதையாக்க வேண்டாம். பெரிய அத்தை சொல்வதையும் தனியாகப் பதிவு செய்யுங்கள். அவருக்கும் இந்தப் புயல் ஒரு சொத்துதான். அவருக்குக் கிடைக்காமலே போன மாமா அது.

“தம்பி வந்துட்டானா?” என்று அப்பத்தா எப்போதாவது கேட்டால், அவர் செத்து அறுபது வருடம் ஆச்சு என்று சொல்லாதீர்கள். அப்பத்தாவுக்கு அது அந்த நிமிடம் வந்த துக்கச் சேதி. நாளைக்கு மறுபடி கேட்டால் நாளைக்கும் புதுத் துக்கம். “இன்னும் காணோமே அப்பத்தா. அவருக்கு என்ன பலகாரம் புடிக்கும்?” என்று கேளுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

அரிச்சல்முனைக்குக் கூட்டிப் போகலாமா என்றால், தாராளமாக. அத்தையிடம் கலந்துகொண்டு, அப்பத்தாவுக்கே விருப்பமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். மாசி, பங்குனி நல்லது. வாடைக் காலத்தில் வடகடல் எழும்பும், கச்சான் காலத்தில் தென்கடல் எழும்பும்; நடுவில் அந்த இரண்டு மாதம் இரண்டு பக்கமும் ஓரளவு அடங்கியிருக்கும். சுற்றுலா வேன்கள் வருவதற்கு முன், விடிந்ததும் போய்விடுங்கள். தண்ணீர், தலைக்குத் துண்டு, மடக்கு நாற்காலி ஒன்று. இப்போது நீங்கள் போகும் தார் ரோடு 2017இல் திறந்தது. அவருக்குத் தெரிந்த தனுஷ்கோடி ரயிலில் போய் இறங்கிய ஊர். அதனால் “இது அந்த இடம் இல்ல” என்று சொல்லக்கூடும். மறுத்துப் பேசாதீர்கள், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முனை வரைக்கும் போயே ஆக வேண்டும் என்றும் இல்லை. இடிந்த தேவாலயச் சுவர் வரும் இடத்தில் வண்டியை நிறுத்தி, நாற்காலியை நிழலில் போட்டு உட்கார வைத்துவிட்டு, நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.